ரோஸ் போன சுங்குடியும் ராயப்பேட்டை பாய் கடையும்

முதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒரு ஸ்டார் எதுக்கு போச்சுன்னு போகப்போக தெரியும். சென்னைல ராயப்பேட்டை பக்கம் ஒரு சந்துக்குள்ள இருக்கற ஃப்ரேம் கடை இது, வெறும் ஃப்ரேம் மட்டும் இல்ல, பேப்பர்ல வரைஞ்ச பழைய படங்கள க்ளீன் பண்றது, ஃபோட்டோ எடுத்து ஃபைலா குடுக்கறது, நல்ல பேப்பர்ல பிரிண்ட் போடறதுன்னு எல்லாம் ஒரே எடத்துல நடக்குது. கடை பேர போட வேணாம்னு பாயே சொல்லிட்டார், "கையில இருக்கற வேலைக்கே ஆள் பத்தல தம்பி, நீங்க எழுதி நாலு பேர் கெளம்பி வந்தா நான் யாருக்குன்னு பதில் சொல்லுவேன்"னு. வேலை வேணாம்னு சொல்ற கடைய இப்பதான் பாக்கறேன். சரி, பேர் இல்லாட்டியும் பரவால்ல, இந்த மாதிரி சர்வீஸ்ல என்ன கேக்கணும், எதுக்கு காசு குடுக்கலாம், எவன் கைல படத்த குடுக்கவே கூடாதுன்னு தெரிஞ்சா பழைய படம் வச்சிருக்கறவங்களுக்கு ஆகும்.

நான் கொண்டு போனது என்னோட ஆரம்பகால படங்கள். அடுத்த வருஷம் பழசும் புதுசும் சேர்த்து ஒரு ஷோ போடலாம்னு ஒரு கேலரில பேச்சு வந்துச்சு, சரின்னு மதுரைல வீட்டு பரண்ல இருந்தது, தங்கச்சி வீட்ல மாட்டியிருந்தது, ஃப்ரெண்டு ஒருத்தன் கட்டிலுக்கு அடில வச்சிருந்தது எல்லாத்தையும் சேர்த்து அள்ளிட்டு வந்தேன். மொதல்ல போனது வேற ஒரு கடை, பேர் வேணாம், ஏசி போட்டு பளபளன்னு இருக்கும். அங்க ஒருத்தர் எங்கம்மா படத்த கைல எடுத்து பாத்துட்டு "சார் கலர் எல்லாம் டல் ஆயிருச்சு, நம்ம பையன் மேலயே டச்சப் பண்ணி புதுசு மாதிரி ஆக்கிருவான், வார்னிஷ் ஒண்ணு அடிச்சா ஜம்முனு ஆயிரும்"னார். தண்ணில கரையற போஸ்டர் கலர் மேல வார்னிஷ், ஊறிருச்சுன்னா திரும்ப எடுக்கவே முடியாது. நான் ஒண்ணும் பேசல, படத்த திரும்ப வாங்கி பையில வச்சுட்டு வந்துட்டேன்.

பாய் கடைல நேர் எதிர். படத்த கவுண்டர்ல வச்சதும் பாய் அத தொடவே இல்ல, "யாஸ்... இங்க வா"ன்னு உள்ள கூப்டார், அவர் மகள் வந்துச்சு. பாய் ஃப்ரேம் பாக்கறார், மகள் பேப்பர் வேலையும் கேமரா வேலையும் பாக்குது, அதுக்குன்னே படிச்சிருக்கு. அது மொதல்ல படத்த முன்னாடி ஒரு ஃபோட்டோ பின்னாடி ஒரு ஃபோட்டோ எடுத்துச்சு, அப்புறம் ஒரு தாள்ல எங்கெங்க கறை, எங்க கிழிசல், எங்க பூச்சி அரிச்சிருக்குன்னு படம் மாதிரியே சின்னதா கட்டம் வரைஞ்சு குறிச்சுச்சு, எங்கிட்ட கையெழுத்து வாங்குச்சு. "சார், நாளைக்கு இந்த கறை முன்னாடி இல்லன்னு நீங்க சொல்லக்கூடாது, நாங்களும் சொல்லக்கூடாது." இது ஒண்ணுக்கே ஒரு ஸ்டார் குடுக்கலாம். ஆஸ்பத்திரில கூட இவ்ளோ நிதானமா கேஸ் ஷீட் எழுதி நான் பாத்ததில்ல.

இப்ப அந்த அம்மா படம். நான் ஸ்கூல் முடிச்ச புதுசுல வரைஞ்சது, சார்ட் பேப்பர்ல போஸ்டர் கலர். எங்கம்மா வாசப்படில உக்காந்து பூ கட்டிட்டு இருக்கும், ரோஸ் கலர் சுங்குடி சேலை, மதுரைக்காரங்களுக்கு சுங்குடி என்னன்னு சொல்ல வேண்டியதில்ல, மத்தவங்களுக்கு, துணிய சின்ன சின்னதா முடிச்சு போட்டு சாயத்துல முக்கி எடுப்பாங்க, முடிச்சு அவுத்தா அந்த எடம் மட்டும் சாயம் ஏறாம வெள்ளையா புள்ளி புள்ளியா நிக்கும். அப்ப எங்கிட்ட வெள்ளை பாட்டில் தீர்ந்து போச்சு, வாங்க காசு இல்ல, அதனால புள்ளிக்கு வெள்ளை வைக்காம பேப்பர அப்படியே விட்டு விட்டு சுத்தி ரோஸ் அடிச்சேன். துணில முடிச்சு என்ன பண்ணுதோ அதத்தான் நான் பிரஷ்ல பண்ணியிருக்கேன், ஆனா அப்ப அதெல்லாம் யோசிக்கல, காசு இல்ல அவ்ளோதான்.

ஃப்ரேம பிரிச்சா பின்னாடி ஹார்ட்போர்டு, ஹார்ட்போர்டுக்கும் படத்துக்கும் நடுவுல ஒரு பழைய தினத்தந்தி தாள். அந்த தாள்ல இருந்த தேதிய வச்சுத்தான் ஃப்ரேம் போட்டது 1997ன்னே தெரிஞ்சுச்சு, நான் படத்துல தேதியே போடல. நியூஸ் பேப்பர்ல இருக்கற அமிலம் சார்ட் பேப்பர் முதுகுல ஏறி பழுப்பு பழுப்பா ஆக்கியிருந்துச்சு, ஓரத்துல ராமபாணப் பூச்சி வேற ரோடு போட்டு வச்சிருந்துச்சு. அந்த நியூஸ் பேப்பர தூக்கி போடலாம்னு நான் கசக்கப் போனேன், பொண்ணு பிடுங்கி வச்சுக்கிட்டுச்சு, ஒரு பாலியெஸ்டர் கவர்ல போட்டு தனியா குடுத்துச்சு, "இதுவும் படத்தோட ஹிஸ்டரி சார், ஆனா படத்தோட சேர்த்து வைக்கக்கூடாது."

சேலைல ரோஸே இல்ல. மொத்தமா வெளுத்து ஒரு மாதிரி சாம்பல் நீலமா நின்னுச்சு. விலை கம்மியான போஸ்டர் கலர்ல வர்ற ரோஸ், வயலட் எல்லாம் பெரும்பாலும் சாயத்துல பண்றது, வெளிச்சம் பட்டா தாங்காது. அல்ட்ராமரின் நீலம், காவி, கருப்பு இதெல்லாம் அசையாம நிக்கும். மடிப்பு விழற எடத்துல நிழலுக்கு ரோஸ்ல கொஞ்சம் நீலம் கலந்திருந்தேன், இப்ப ரோஸ் ஆவியாகி நீலம் மட்டும் மிச்சம், அதாவது சேலை போயிருச்சு மடிப்பு நிக்குது. புள்ளி கதை இதவிட வேடிக்கை. வெறும் பேப்பரா விட்டது இல்லயா, பேப்பர் பழுத்து பழுப்பாயிருச்சு, சேலை வெளுத்துருச்சு, அதனால முன்னாடி அடர் ரோஸ்ல வெள்ளைப் புள்ளியா இருந்தது இப்ப வெளிறின துணில பழுப்புப் புள்ளி. வெளிச்சமும் நிழலும் எடம் மாறிப் போச்சு.

அந்த பொண்ணு ஸ்பேச்சுலாவால பழைய மவுண்ட (படத்த சுத்தி ஓரத்த மூடற அட்டை) மெதுவா தூக்கும்போது ஓரத்துல கால் இஞ்ச் அகலத்துக்கு ஒரு பட்டை தெரிஞ்சுச்சு பாருங்க, மவுண்டுக்கு அடில இத்தன வருஷம் வெளிச்சம் படாம இருந்த எடம். அங்க சேலை முந்தானை முனை கொஞ்சம் வருது. அப்படியே ரோஸ். கண்ண அடிக்கற ரோஸ், எங்கம்மா கோயிலுக்கு கட்டிட்டு போற அதே ரோஸ், அதுல ரெண்டே ரெண்டு புள்ளி. நான் அங்கயே ஸ்டூல்ல உக்காந்துட்டேன், பாய் டீ சொன்னார்.

இந்த எடத்துலதான் ஒரு கடை நல்ல கடையா இல்லயான்னு தெரியும். அந்த பட்டைய வச்சு மொத்த சேலையையும் திரும்ப ரோஸ் ஆக்கறது கம்ப்யூட்டர்ல சுலபம். பொண்ணு என்ன சொல்லுச்சுன்னா, ஒரிஜினல்ல ஒரு சொட்டு கலர் வைக்க மாட்டேன், கம்ப்யூட்டர்ல வேணா அந்த பட்டைய ரெஃபரன்ஸா வச்சு எப்படி இருந்திருக்கும்னு ஒரு பிரிண்ட் போடலாம், ஆனா அதுக்கு அடில "கலர் ஊகம்"னு எழுதித்தான் குடுப்பேன், இப்ப இருக்கற நிலைய தனி ஃபைலா குடுப்பேன். ரெண்டும் வாங்கிக்கிட்டேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா எனக்கு வெளுத்தது தான் புடிச்சிருக்கு, அது வேற விஷயம். கடந்த சில வருஷமா நான் வரையற எல்லாத்துலயும் இந்த பழுப்புப் புள்ளி வருது, கேன்வாஸ வெறுமையா விட்டு விட்டு வரையறேன், அது எங்கிருந்து வந்துச்சுன்னு யாராவது கேட்டா சும்மா ஏதாவது சொல்லி சமாளிப்பேன். தங்கச்சி வீட்டு செவுத்துல அந்த படம் வெளுக்க வெளுக்க ஒவ்வொரு பொங்கலுக்கும் போய் பாத்துட்டு தானே வந்திருக்கேன். வெயில் பாதி சொல்லிக் குடுத்திருக்கு.

ரெண்டாவது ஐட்டம் பேனர் துணி. இத எடுத்துட்டு வந்தப்ப பாயே எழுந்திரிச்சு வந்துட்டார், அவரும் ஒரு காலத்துல மவுண்ட் ரோடு பக்கம் கட்டவுட்டுக்கு ரீப்பர் கட்டை அடிச்சவராம். மதுரைல நான் ஒரு பேனர் மாஸ்டர்ட்ட எடுபிடியா இருந்தேன், காலேஜுக்கு முன்னாடி. அப்ப எல்லாம் தங்கம் தியேட்டர் வாசல்ல பேனர் ஏறுதுன்னா ஊரே நின்னு பாக்கும் (1952ல பராசக்தியோட தொறந்த தியேட்டர், ரெண்டாயிரத்து ஐநூறு சீட்டுக்கு மேல, இப்ப அது இல்ல). வேலை எப்படின்னா, துணிய கட்டைல இழுத்து கட்டி வஜ்ரம் (மாட்டுத் தோல், எலும்புல பண்ற பசை) காய்ச்சி சாக் பவுடரோட கலந்து பூசணும், அது என் வேலை, அந்த நாத்தம் இன்னும் மூக்குல இருக்கு. காஞ்சதும் ஸ்டில்ல கட்டம் போட்டு, துணில அதே கட்டத்த பெருசா நூல்ல அடிச்சு, கட்டம் கட்டமா மூஞ்சி ஏத்தணும். கலர் பொடி வாங்கி லின்சீட் ஆயில்ல கொழைக்கறது. மாஸ்டர் மூஞ்சி நிழலுக்கு பச்சையும் நீலமும் வைப்பார், வெளிச்சத்துக்கு மஞ்சளும் ரோஸும், பக்கத்துல நின்னு பாத்தா பேய் மாதிரி இருக்கும், ரோட்டுக்கு அந்தப்பக்கம் போய் பாத்தா உயிரோட நிக்கும். "பஸ்ல போறவனுக்கு வரைடா, பக்கத்துல நிக்கறவனுக்கு இல்ல"ம்பார். 

நான் கொண்டு போனது மிச்ச துணில பழகிப் பாத்த ஒரு கண்ணு, மூக்கு பாதி, அவ்ளோதான். யாரோட கண்ணுன்னு சொன்னா ரசிகர்கள் அடிக்க வருவாங்க, அவ்ளோ மோசமா இருக்கு. ஆனா கட்டம் போட்ட கோடு அழியாம அப்படியே கண்ணு மேல குறுக்கும் நெடுக்குமா ஓடுது. மாஸ்டர் வேலைல கட்டம் கடைசில மறைஞ்சுரும், எனக்கு மறைக்க தெரியல. இன்னிக்கு என் படங்கள்ல கட்டம் தெரியற மாதிரி விடறேன், ஒரு விமர்சகர் அத "நவீன நகர வாழ்வின் சிறைக் கம்பிகள்"னு எழுதினார். நல்லா தான் எழுதியிருந்தார், நான் மறுக்கவும் இல்ல, ஷோ நடக்கும்போது எவன் மறுப்பான்.

டெக்னிக்கலா இந்த துணி பெரிய தலைவலி. லின்சீட் ஆயில் நேரடியா துணில எறங்கினா வருஷம் ஆக ஆக துணிய அரிச்சு மொறமொறன்னு ஆக்கிரும், அதுக்குத்தான் கீழ வஜ்ரம் பூசறது, என் துணில வஜ்ரம் ஒழுங்கா ஏறாத எடம் எல்லாம் அப்பளம் மாதிரி உடையுது. இத ஸ்கேனர்ல வைக்க முடியாது. பொண்ணு கேமராவ மேல தொங்க விட்டு, ரெண்டு பக்கமும் லைட் வச்சு, லைட்டுக்கு முன்னாடியும் லென்ஸ்லயும் போலரைசர் ஃபில்டர் போட்டு எடுத்துச்சு, எண்ணெய் பளபளப்பு சுத்தமா போயி கலர் மட்டும் நிக்குது. அப்புறம் ஒரே ஒரு லைட்ட ஒரு ஓரத்துல தரையோட தரையா வச்சு இன்னொண்ணு எடுத்துச்சு, அதுல பிரஷ் போன ஒவ்வொரு தடமும் மேடு பள்ளமா தெரியுது. பச்சை நிழல நான் மேலருந்து கீழ இழுத்திருக்கேன், மாஸ்டர் கன்னத்து வளைவோட சுத்துவார். என் பிரஷ் இன்னிக்கும் மேலருந்து கீழ தான் போகுது, அந்த ஃபோட்டோவ பாக்கற வரைக்கும் அது எனக்கே தெரியாது. இதுக்கு மட்டும் எவ்ளோ கேட்டாலும் குடுக்கலாம். பேப்பர் படங்களுக்கும் ஸ்கேனர விட கேமரா தான் நல்லதுன்னு இங்கதான் புரிஞ்சுச்சு, வீட்ல ஆபீஸ்ல இருக்கற சாதா ஸ்கேனர்ல பேப்பர் கொஞ்சம் நெளிஞ்சிருந்தா கூட அந்த எடம் மங்கலாயிரும், வாட்டர்கலர் பேப்பர் நெளியாம எங்க இருக்கு. எடுக்கும்போது பக்கத்துல 24 கட்டம் இருக்கற கலர் கார்டு வச்சு எடுக்கறாங்களான்னு பாருங்க, அது இல்லாம எடுத்தா கலர் கரெக்டுன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. பதினஞ்சுக்கு இருபத்திரண்டு இஞ்ச் படம் 300 டிபிஐல 16 பிட் டிஃப் ஃபைலா கேட்டா ஒண்ணு 180 எம்பிக்கு பக்கத்துல வரும், பென்டிரைவ் கைல கொண்டு போங்க, வாட்ஸப்ல அனுப்பறேன்னு சொன்னா ஓடி வந்துருங்க.

கும்பகோணம் ஓவியக் காலேஜ்ல வரைஞ்ச வாட்டர்கலர் ஒரு கட்டு இருந்துச்சு. மகாமகக் குளம், தாராசுரம் கோயில், காவேரி படித்துறை, கும்பகோணத்துல படிச்ச எல்லார்ட்டயும் இதே மூணு இருக்கும், விடியக்காலைல சைக்கிள்ல போர்ட கட்டிட்டு போயி வரையறது. அதுல பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, கை பழகறதுக்கு வரைஞ்சது, நல்லா வேற வந்திருக்கு, அதுதான் பிரச்சனை, நல்லா வந்த படத்துல இருந்து நான் ஒண்ணும் கத்துக்கல. ஒண்ணே ஒண்ணு சொல்லணும். வாத்தியார் வாட்டர்கலர்ல கருப்பு தொடாதே, நிழல கலர்லயே கொண்டு வான்னு சொல்லுவார், எனக்கு பேனர் கை, பச்சை நிழல் தானா வரும், தாராசுரம் குதிரை பூட்டின தேர் மண்டபத்துக்கு பச்சையில நிழல் போட்டு வச்சிருக்கேன். வாத்தியார் பாத்துட்டு "இது ஐராவதேஸ்வரர் கோயிலா இல்ல சினிமா செட்டாடா"ன்னார். அந்த தாள்ல அவர் பென்சில்ல திருத்தின கோடு இருக்கு. க்ளீன் பண்ணும்போது பென்சில் கோட்ட ரப்பர் வச்சு எடுத்துறவான்னு பொண்ணு கேட்டே கேட்டுச்சு, கேக்காம எடுத்திருந்தா அன்னிக்கு சண்டை தான். கேட்டுச்சு, அதான் பாயிண்ட்.

செல்லோடேப் ஒட்டின எடங்கள் மட்டும் முழுசா சரியாகல. டேப்ப மிதமான சூட்டுல இளக்கி எடுத்தாங்க, ஆனா பசை உள்ள எறங்கி மஞ்சளான கறை பெரும்பாலும் முழுசா போகாது, முழுசா போயிரும்னு யாராவது அடிச்சு சொன்னா கொஞ்சம் யோசிங்க. இப்ப படங்கள மவுண்ட்ல ஒட்டறதுக்கு ஜப்பான் டிஷ்யூ பேப்பர் சின்ன துண்டா கிழிச்சு கோதுமை ஸ்டார்ச் பசைல கீல் மாதிரி மேல ரெண்டு எடத்துல மட்டும் மாட்டறாங்க, தண்ணி தொட்டா கழண்டுரும், நாளைக்கு வேற யாராவது பிரிக்கணும்னாலும் பேப்பருக்கு ஒண்ணும் ஆகாது. மவுண்ட் போர்டு ஆசிட் ஃப்ரீ, பின்னாடி ஹார்ட்போர்டுக்கு முன்ன ஒரு தடுப்பு ஷீட், கண்ணாடி படத்த தொடாத மாதிரி நடுவுல இடைவெளி. சென்னை புழுக்கத்துக்கு இந்த இடைவெளி ரொம்ப முக்கியம், கண்ணாடில ஒட்டின படத்துல பூஞ்சை வந்துச்சுன்னா அப்புறம் கலர் கண்ணாடியோட வரும்.

கடைசியா காவி படம். படிப்பு முடிச்சு சென்னை வந்தப்புறம் வரைஞ்சது, க்ரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமில ஒரு குரூப் ஷோல வச்சது, நான் மொதமொதலா ஆயில்ல பண்ண பெரிய படம். மொத்த படமும் காவி, கருப்பு, கொஞ்சம் வெள்ளை, ஓரமா கொஞ்சம் நீலம். அந்த ஷோ கேட்டலாக்ல "தமிழ் மண்ணின் நிறம்"னு போட்டாங்க, அதுக்கப்புறம் இன்னி வரைக்கும் என்ன பத்தி யார் எழுதினாலும் மண்ணு வந்துரும். நெசம் என்னன்னா நான் ட்யூப் கலர் வாங்கற நெலமைல இல்ல, ஹார்டுவேர் கடைல கிலோ கணக்குல விக்கற காவிப் பொடிய மாஸ்டர் பண்ணின மாதிரியே எண்ணெய்ல கொழைச்சு அடிச்சேன். தமிழ் மண்ணு ஹார்டுவேர் கடைல கெடைச்சுச்சு. ஆனா பாருங்க, கொண்டு போன எல்லாத்துலயும் கலர் ஒரு துளி கூட மாறாம இருந்தது இது ஒண்ணுதான். காவி இரும்பு ஆக்ஸைடு, துருவுக்கு வெயில் என்ன பண்ணும். காசு குடுத்து ஆசையா வாங்கின அலிஸரின் கிரிம்சன வாட்டர்கலர்ல தண்ணியா அடிச்ச எடம் எல்லாம் (ட்யூப்ல பிஆர் 83ன்னு நம்பர் இருந்தா அதுதான், கண்காட்சிக்கு போற படத்துல வைக்காதீங்க) வெளுத்து போயி நிக்குது, செங்கல் செவுத்துக்கு அடிக்கற பொடி குத்துக்கல்லாட்டம் நிக்குது.

வேலை நடந்துட்டு இருக்கும்போது பாய் ஒரு கேள்வி கேட்டார், "இதெல்லாம் விக்கற ஐட்டம் இல்லயே தம்பி, எதுக்கு இவ்ளோ செலவு?" நியாயமான கேள்வி. நான் ஓவியர் ஆதிமூலம் கதைய சொன்னேன். 1969 காந்தி நூற்றாண்டு, அப்ப அவர் காந்திய வெறும் கோட்டுல வரிசையா வரைஞ்சார், கருப்பு மசி, வெள்ளைத் தாள், சின்ன வயசு காந்தில இருந்து கிழவர் வரைக்கும். பின்னாடி அவர் பண்ணினது முழுக்க கலர், ஆள் அடையாளமே இல்லாத பெரிய பெரிய ஆயில், கோடே இல்லாத படம். ஆனா அந்த கலர் பட்டைகளோட ஓரத்த பாருங்க, ஒரு பட்டை எங்க நின்னு அடுத்தது எங்க தொடங்குதுன்னு, கோடு போட்டு போட்டு காச்சுப்போன கை தான் அத அவ்ளோ உறுதியா வைக்கும். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அப்படித்தான், ஆரம்பத்துல கேரளத்து தண்ணியும் தென்னையுமா வாட்டர்கலர், 1963 வாக்குல "சொற்களும் குறியீடுகளும்" வரிசை, எழுத்து மாதிரி கிறுக்கல், ஜாதகக் கட்டம். வேற ஆளோன்னு இருக்கும். ஆனா பழைய வாட்டர்கலர்ல பேப்பர எவ்ளோ தாராளமா சும்மா விடுவாரோ அதே தாராளம் பின்னாடியும் இருக்குன்னு எனக்கு தோணும், ஒத்துக்காதவங்க ஒத்துக்க வேணாம். பாய் பொறுமையா கேட்டுட்டு "சரி, அப்ப ஃப்ரேமுக்கு தேக்கு போட்டுறவா, ஃபைபர் பீடிங் வேணாம்ல"ன்னார். வியாபாரி வியாபாரி தான்.

பிரிண்ட் பத்தி. ஹானமூலேன்னு ஒரு ஜெர்மன் கம்பெனியோட காட்டன் பேப்பர், 308 ஜிஎஸ்எம் கனம், பிக்மென்ட் இங்க் (சாயம் இல்ல, பொடி கலர்ல பண்ற மை). கறுப்பு ஆழமா வருது, காவி கிட்டத்தட்ட ஒரிஜினலேதான், அந்த ரோஸ் மட்டும் பிரிண்ட்ல கொஞ்சம் அடங்கித்தான் வந்துச்சு, பிரிண்டர்னால எட்ட முடியாத ரோஸ் அது, பொண்ணு முன்னாடியே சொல்லிருச்சு. மொதல்ல சின்ன துண்டுல டெஸ்ட் பிரிண்ட் போட்டு, ஜன்னல் வெளிச்சத்துல படத்துக்கு பக்கத்துல வச்சு காட்டி, ஓகே வாங்கிட்டுத்தான் பெருசு போட்டாங்க. எல்லா எடத்துலயும் இத கேளுங்க. ட்யூப் லைட்டுக்கு அடில ஓகே சொல்லாதீங்க.

இப்ப அந்த ஒரு ஸ்டார். லேட். ஐப்பசி கார்த்திகை மழைல பேப்பர நனைச்சு பண்ற வேலை எதையும் தொட மாட்டாங்க, காத்துல ஈரம் இருந்தா காயாது, பூஞ்சை புடிக்கும், காரணம் சரிதான், ஆனா அத அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லணும்ல. நான் ஒவ்வொரு வாரமும் போன் போட்டா "மழை சார்"னு ஒரே பதில், கேலரிக்காரங்க என் தலைய தின்னுட்டு இருந்தாங்க. ரெண்டாவது, ஃப்ரேமுக்கு யூவி தடுக்கற அக்ரிலிக் போட்டுக்கறீங்களா சாதா கண்ணாடியான்னு கேட்டாங்க, விலை வித்தியாசம் எக்கச்சக்கம், ஆனா அக்ரிலிக் துணி வச்சு தொடைச்சாலே கீறல் விழும்னு எனக்கு பில் போட்டப்புறம் தான் சொன்னாங்க. தங்கச்சி வீட்ல வேலைக்கு வர்ற அக்கா சோப்புத்தண்ணியும் நார் ஸ்பாஞ்சுமா தான் எல்லாத்தையும் தொடைக்கும், அவங்களுக்கு இது செட்டே ஆகாது. மூணாவது, பார்க்கிங்னு ஒண்ணு கெடையவே கெடையாது, ஆனா ராயப்பேட்டைல அத குறையா சொல்றது நியாயமில்ல.

காசு? கம்மி இல்ல. சாதா ஃப்ரேம் கடைய விட மூணு மடங்குக்கு மேல ஆகும், க்ளீனிங் தனி, ஃபோட்டோ தனி. எல்லா படத்துக்கும் இத பண்ண வேண்டியதில்ல, நான் கும்பகோணம் கட்டுல அந்த பச்சைத் தேர் மட்டும் ஃப்ரேம் போட்டேன், மத்தத ஆசிட் ஃப்ரீ ஃபோல்டர்ல போட்டு வாங்கிட்டு வந்துட்டேன், அது சல்லிசு. காலண்டர் படம் மாட்டறதுக்கு, பசங்க ட்ராயிங் மாட்டறதுக்கு எல்லாம் இங்க போக வேணாம், தெருமுனை கடையே போதும். நம்மூர்ல சாமி படம் வரைஞ்ச ஓவியர் கொண்டையராஜு வகை பழைய கோவில்பட்டி, சிவகாசி லித்தோ பிரிண்ட் யாராவது வச்சிருந்தா மட்டும் கண்டிப்பா இப்படி ஒரு எடத்துல காட்டுங்க, அந்த பேப்பர் எல்லாம் இப்ப உதிர ஆரம்பிக்கற வயசு.

பேர் வேணுங்கறவங்க தனியா கேளுங்க, பாய்ட்ட கேட்டுட்டு சொல்றேன். போறதா இருந்தா தை மாசத்துக்கு அப்புறம் போங்க, போன் பண்ணிட்டு போங்க, வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்கு அடைச்சிருப்பாங்க. படத்த சுருட்டி எடுத்துட்டு போகாதீங்க, ரெண்டு அட்டைக்கு நடுவுல படுக்க வச்சு கொண்டு போங்க, பைக்ல வேணாம், ஆட்டோ புடிங்க. பேனர் துணிக்கு ஃப்ரேம் இன்னும் வரல, பெரிய சைஸ் தேக்கு வரணுமாம், வந்ததும் இதுலயே சேர்த்து எழுதறேன்.